கொப்பரையில் தார் வாடை: ஆலைப் புகை எண்ணெய்க்குள் இறங்குமா?

#1 பாவூர்செக்கு

எல்லாருக்கும் வணக்கம். பாவூர்சத்திரம் பக்கம் சின்னதாக ஒரு மரச்செக்கு வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் மாடு சுற்றியது, என் காலத்தில் மோட்டார் சுற்றுகிறது. தேங்காய் எண்ணெய்தான் அதிகம் போகும். அடுத்தது நல்லெண்ணெய்.

எங்கள் உலர்களத்துக்கு நேர் மேற்கே ஒரு தார் பிளாண்ட் இருக்கிறது. ரோடு வேலைக்காக வந்தார்கள். வேலை முடிந்தும் கிளம்பவில்லை. மாசியிலும் பங்குனியிலும் ஒரு தொந்தரவும் தெரியவில்லை. ஆனி பிறந்து மேல்காற்று அடிக்க ஆரம்பித்த பிறகுதான் புகை படுத்துக்கொண்டு நேராக என் களத்துக்கு வருகிறது. உடைத்த தேங்காய் மூடியை வாய் மேலே பார்க்கத்தானே பரப்ப வேண்டும்? நாலாம் நாள் பழைய வேட்டித் துணியை நனைத்து ஒரு மூடியின் உள்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தேன். மை தொட்ட மாதிரி கருப்பு. விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பு. வெறும் புழுதியாக இருந்தால் நறநறவென்று இருந்திருக்கும்.

போன வாரம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பதினைந்து வருட வாடிக்கை, அஞ்சு லிட்டர் டின்னைத் திருப்பிக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். "ஏ தம்பி, எண்ணெயில தார் வாடை அடிக்குல்லா" என்றார். முகர்ந்து பார்த்தேன். அடித்தது. பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு இன்னும் மூன்று டின் வந்துவிட்டது.

ஆலைப் புகை எண்ணெய்க்குள் இறங்குமா, இறங்கினால் உடம்புக்கு என்ன செய்யும், நான் என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கரிசல்காற்று

இறங்குமாவா? இறங்காமல் எங்கே போகும் அண்ணாச்சி? நாம் மூச்சு விடுகிற காற்றே ஆலைக்காரனுக்கு எழுதிக் கொடுத்ததாகிவிட்டது. ஒரு பக்கம் கிரஷர், ஒரு பக்கம் சூளை, கிழக்கே போனால் அனல்மின் நிலையம். தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தரம் எட்டாத ஊர்களின் பட்டியலில் தூத்துக்குடி பெயர் இருக்கிறது, போய்ப் பாருங்கள். டின் டின்னாகத் திருப்பி வாங்குவதை விட்டுவிட்டு ஊரைக் கூட்டிக்கொண்டு பிளாண்ட் வாசலில் உட்காருங்கள்.

#3 விளைக்காரன்

செக்குக்காரர்கள் புகையைப் பற்றிப் பேசுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. நானும் தேங்காய்க்காரன்தான். மழைக் காலத்தில் கொப்பரையை எப்படிக் காயவைக்கிறீர்கள் என்று யாராவது கேட்டார்களா? கொட்டகைக்குள்ளே கதம்பையையும் (தேங்காய் மட்டை) சிரட்டையையும் போட்டு மூட்டம். மூன்று நாள் புகையில் வெந்த கொப்பரையைவிடவா தார் பிளாண்ட் புகை கெடுதல்? பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கந்தகப் புகை போடுகிறவர்களும் உண்டு. முதலில் அவரவர் வீட்டு அடுப்பைப் பாருங்கள்.

#4 கரிசல்காற்று

@விளைக்காரன், ஆலைக்காரனுக்கு இப்படி ஒரு வக்கீல் சும்மா கிடைப்பான் என்று தெரியாமல் போயிற்று.

#5 பிப்பெட்

சண்டை பிறகு. சமையல் எண்ணெய் சோதனைச் சாலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

புகையில் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. ஒன்று துகள்: சாம்பல், கல் புழுதி, சிமெண்ட் தூசி. இது எண்ணெயில் கரையாது. செக்கில் ஆட்டி இரண்டு மூன்று நாள் வைத்தால் மண்டியோடு சேர்ந்து அடியில் உட்கார்ந்துவிடும். கண்ணுக்குத் தெரிவது இது, பயம் குறைந்ததும் இதுதான். இரண்டாவது, எதை எரித்தாலும் சரியாக எரியாதபோது உண்டாகிற பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன் என்கிற கூட்டம். சுருக்கமாக பி.ஏ.ஹெச். என்போம். விறகு, டீசல், நிலக்கரி, டயர், கதம்பை, எதுவானாலும் சரி. இது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். அதனால் எண்ணெய்ப் பசை உள்ள பரப்பு கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும். காய்ந்துகொண்டிருக்கும் கொப்பரையின் முகம் அதற்கு விரித்த பாய் மாதிரி. ஒட்டிய பிறகு தெளியவைத்தாலும் போகாது, துணியில் வடிகட்டினாலும் போகாது.

இந்தக் கூட்டத்தில் பேர்போனது பென்சோபைரீன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்கிற முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் சமையல் எண்ணெயில் ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. இது எவ்வளவு என்று கேட்டால், ரோட்டில் போகிற எண்ணெய் டேங்கர் லாரி 25 டன் என்று வையுங்கள். அப்படி நாற்பது லாரி எண்ணெயில் மொத்தம் 2 கிராம். இன்னொரு சங்கதி. இந்த வகையில் நாலு பொருள்களைச் சேர்த்து அளக்கும்போது மற்ற எண்ணெய்களுக்கு அங்கே 10 மைக்ரோகிராம் வரம்பு, தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் 20. சலுகை ஒன்றும் இல்லை. தேங்காய் எண்ணெயில் அந்த நாலில் இரண்டு இயல்பாகவே கூடுதலாக வருகிறது, எளிதில் நீக்கவும் முடிவதில்லை என்பதால் அப்படி.

2001 ஜூலையில் ஸ்பெயினில் ஆலிவ் சக்கையிலிருந்து எடுக்கிற எண்ணெயைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னார்கள். காரணம் பென்சோபைரீன். அங்கே குற்றவாளி பக்கத்து ஊர் ஆலை இல்லை. பிழிந்த சக்கையைச் சூடான புகைக்காற்றில் உலர்த்திய முறைதான். அந்த வகையில் விளைக்காரன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

@பாவூர்செக்கு அண்ணாச்சி, ஒரே ஒரு கேள்வி. திரும்பி வந்த நாலு டின்னும் எந்த நாளில் ஆட்டியது? டின்னில் தேதி எழுதுகிற பழக்கம் உண்டா?

#6 மானூர் சம்சாரி

நான் எள்ளுக்காரன். மாசிப் பட்டத்தில் மூன்று ஏக்கர். எங்கள் ஊருக்குக் கிழக்கே கிரஷர் இருக்கிறது. எள்ளுச்செடி இலை பூராவும் வெள்ளையாக மாவு தூவினது போல் இருக்கும். ஒரு மழை பெய்தால் பச்சை தெரியும், மறுநாளே பழையபடி. காய் பிடிப்பு குறைந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எள்ளுக்குள்ளே, எண்ணெய்க்குள்ளே போகுமா? பிப்பெட் தம்பி சொல்லவும்.

#7 பிப்பெட்

ஐயா, இலையில் தூசி அடைத்தால் வெயில் படுவது குறையும், இலைத் துளைகள் அடைபடும், செடி சோர்ந்து விளைச்சல் குறையும். அந்த நட்டம் உண்மை. அதற்கு எண்ணெயைச் சோதிக்கவே தேவையில்லை, மூட்டையை எண்ணினால் போதும்.

எள்ளின் உள்ளே போவது வேறு கதை. வயலில் நிற்கும்வரை எள்ளு மணி காய்க்குள் பத்திரமாக இருக்கிறது. தேங்காய்க்குக் கதம்பை, சிரட்டை என்று இரண்டு கோட்டை. கடலை மண்ணுக்குள்ளே தோட்டோடு கிடக்கிறது. மரத்திலோ செடியிலோ இருக்கும்வரை புகைக்கு உள்ளே போக வழி குறைவு. தேங்காயை உடைத்த பிறகு, எள்ளுக்காய் வெடித்த பிறகுதான் ஆபத்து. ஆகவே ஆலை வயலுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதைவிட, களத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்கிறேன்.

வேர் வழியாக ஏறக்கூடியவை காட்மியம் மாதிரி உலோகங்கள். அவையும் எண்ணெயில் அதிகம் வராது, பெரும்பாலும் புண்ணாக்கில் தங்கிவிடும். எண்ணெய் தப்பித்துவிடும், புண்ணாக்குத் தின்கிற மாடு தப்பிக்காது.

நீங்கள் எள்ளை எங்கே அடிக்கிறீர்கள், எங்கே காயவைக்கிறீர்கள்?

#8 மானூர் சம்சாரி

இதைக் கேட்பாய் என்று தெரியும் தம்பி. ரோட்டில்தான். களம் இருந்த இடத்தில் இப்போது ரேஷன் கடை நிற்கிறது. தார் ரோட்டில் பாதியை மறித்துக் கல் வைத்து, கதிரைப் பரப்பிவிடுவோம். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் நமக்கு அடிக்கிற வேலை மிச்சம். ஊரே அப்படித்தான் செய்கிறது.

#9 பிப்பெட்

அப்போ சொல்லிவிடுகிறேன். வெயிலில் இளகின தார், மேலே டீசல் புகை, டயர் தேய்ந்த தூள், இவ்வளவும் எள்ளோடு சேர்கிறது. ஆயிரம் எள்ளு மணியின் எடை ஏறக்குறைய 3 கிராம். அவ்வளவு சின்ன மணி என்பதால் ஒரு கிலோ எள்ளுக்கு மேற்பரப்பு மிக அதிகம், ஒட்டிக்கொள்ள இடமும் அதிகம். அதோடு கணக்கையும் பாருங்கள். செக்கில் 100 கிலோ எள்ளுக்கு 40 கிலோ எண்ணெய் வரும். கொழுப்பில் கரைவதெல்லாம் அந்த 40 கிலோவுக்குள் வந்து கூடினால், எள்ளில் இருந்ததுபோல் இரண்டரை மடங்கு அடர்த்தி எண்ணெயில். கொப்பரையில் 60 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் என்பதால் அங்கே அடர்த்தி அவ்வளவு ஏறாது.

நல்ல செய்தியும் உண்டு. மணிமேல் ஒட்டியிருக்கிற தூசியில்தான் பெரும்பங்கு. எள்ளைத் தண்ணீரில் கழுவி, கல் அரித்து, சுத்தமான இடத்தில் காயவைத்து ஆட்டினால் கணிசமாகக் குறையும்.

#10 செக்கடித் தாத்தா

பேரன் டைப் அடித்துக் கொடுக்கிறான். எங்கள் காலத்தில் எள்ளை அரிக்காமல் செக்கில் போட்டால் கூலி கிடையாது, வசவுதான் கிடைக்கும். அரிக்கிறது, காயவைக்கிறது, சுளகில் புடைக்கிறது, அப்புறம்தான் செக்கு. அதற்கு ஒரு பொம்பளையாள் தனியாக இருப்பாள். இப்போது அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கிறார்கள். கருப்பட்டியும் சேர்த்து ஆட்டுவோம், எண்ணெய் நன்றாகப் பிரியும், கசப்பு தட்டாது.

இன்னொன்று. எண்ணெயைச் செம்புப் பானையில் வைக்கவிட மாட்டாள் எங்கள் ஆச்சி. பீங்கான் ஜாடிதான். காரணம் கேட்டால் "சீக்கிரம் காறிப் போகும்" என்பாள். அது சரியா தம்பி?

#11 பிப்பெட்

நூற்றுக்கு நூறு சரி தாத்தா. எண்ணெய் காறுவதை முடுக்கிவிடுவதில் செம்புக்கு இணை இல்லை, அடுத்தது இரும்பு. சர்வதேச உணவுத் தர நிர்ணயத்தில் செக்கெண்ணெய் வகைக்கு ஒரு கிலோவில் இரும்பு 5 மில்லிகிராம்வரை போகலாம் என்றால் செம்பு 0.4க்கு மேல் போகக் கூடாது. ஆலைத் தூசியில் இரும்புத் துகள் இருந்து, அது எண்ணெயில் நாள்பட மிதந்தால், எண்ணெய் சீக்கிரம் காறும். ஆகவே துகளை வெறும் அழுக்கு என்றும் விட்டுவிட முடியாது. மண்டியோடு வைத்திருக்காமல் தெளிந்ததும் இறுத்துவிடவேண்டும். நல்லெண்ணெய் தேங்காய் எண்ணெய் மாதிரி எளிதில் காறாத நிறைகொழுப்பு உள்ளது அல்ல. ஆனாலும் அதில் செசமால் போன்ற காப்புப் பொருள்கள் இருப்பதால் தாக்குப்பிடிக்கும்.

#12 விளைக்காரன்

கருப்பட்டி என்று சொல்லிக்கொண்டு வெல்லப்பாகு ஊற்றுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசலாமே. எண்ணெய்க்குள் புகை போவதைவிட அது பெரிய மோசடி.

#13 கரிசல்காற்று

அதுவும் சீனிப்பாகு கருப்பட்டி. உடன்குடி என்று பெயர் போட்டுக்கொண்டு

#14 நெறியாளர்

கருப்பட்டிக்குத் தனி இழை ஓடுகிறது, அங்கே போங்கள். இரண்டு பேருடைய நாலு பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன்.

#15 பாளை மதினி

இவ்வளவையும் படித்த பிறகு எனக்கு ஒரே குழப்பம். பத்து வருடமாக ரீஃபைண்ட் வேண்டாம், செக்கெண்ணெய்தான் என்று இரண்டு மடங்கு காசு கொடுத்து வாங்குகிறேன். என் மாமியாரோடு சண்டை போட்டு மாற்றினேன். இப்போது பிப்பெட் தம்பி சொல்வதைப் பார்த்தால் ரீஃபைண்டே தேவலை போல் இருக்கிறதே? தயவுசெய்து மழுப்பாமல் சொல்லுங்கள்.

#16 பிப்பெட்

மதினி, மழுப்பவில்லை. இந்த ஒரு விஷயத்தில் ரீஃபைண்ட் ஜெயிக்கும். சுத்திகரிப்பில் வாடை நீக்க 200 டிகிரிக்கு மேல் சூட்டில் வெற்றிடத்தில் நீராவி விடுகிறார்கள். சின்ன மூலக்கூறாக உள்ள பி.ஏ.ஹெச்.கள் அதில் கிளம்பிவிடும். பென்சோபைரீன் மாதிரி கனமானவை அதற்கு அசையாது, அவற்றைப் பிடிக்கச் செயலூட்டிய கரியைச் சேர்க்க வேண்டும். அந்தக் கரியை எதிலிருந்து செய்கிறார்கள் தெரியுமா? நம் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும்தான். சிரட்டையைப் புகைய விட்டால் எண்ணெய்க்குள் நஞ்சை ஏற்றுகிறது, கரியாக்கிப் போட்டால் அதே நஞ்சை இறக்குகிறது.

ஆனால் அதே சூட்டில் வைட்டமின் ஈ கொஞ்சம் போகும், வாசனை முழுதும் போகும், கிளைசிடைல் எஸ்டர் என்று வேறு வேண்டாத பொருள் உண்டாகும். அதற்கும் ஐரோப்பாவில் வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒன்றில் கிடைப்பது இன்னொன்றில் போகிறது. செக்கெண்ணெயில் பின்னாலே சுத்தம் செய்ய வழி இல்லை. அதனால் முன்னாலே, களத்திலேயே, சுத்தமாக இருந்தாக வேண்டும். நன்றாக வெயிலில் காய்ந்த கொப்பரையில் ஆட்டிய எண்ணெய் என்றால் என் வீட்டிலும் அதுதான். ஆட்டுகிறவரிடம் "செக்கு மரமா இரும்பா" என்று எல்லாரும் கேட்கிறார்கள். "கொப்பரையை எங்கே, எதில் காயவைத்தீர்கள்" என்று யாரும் கேட்பதில்லை. வாகை மரச்செக்கு என்று போர்டு வைத்தால் மட்டும் பென்சோபைரீன் பயந்து ஓடிவிடாது.

அப்புறம், வீட்டில் எண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சுவதும், பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி பயன்படுத்துவதும் ஆலை இல்லாமலே நாமே செய்துகொள்வது. கடைகளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லேயே 25 சதவீத வரம்பு வைத்துவிட்டது. மறுபடி மறுபடி காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகிற போலார் சேர்மங்கள் அதைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். வண்ணார்பேட்டை மேம்பாலத்தடியில் வடை தின்கிறவர்கள் கவனிக்க.

#17 பாளை மதினி

மாமியாரிடம் இந்தப் பதிவைக் காட்டப் போவதில்லை.

#18 கரிசல்காற்று

எல்லாம் சரி. படித்தவர்கள் பேசப் பேசக் கடைசியில் சம்சாரி ரோட்டில் காயவைத்தது தப்பு, செக்குக்காரர் மூட்டம் போட்டது தப்பு, மதினி வடை சுட்டது தப்பு என்று வந்து நிற்கிறது. பிளாண்ட்காரனை மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை பாருங்கள். இதுதான் எப்போதும் நடக்கிறது. களத்தை ரேஷன் கடைக்குக் கொடுத்தது சம்சாரியா?

#19 பிப்பெட்

கோபம் நியாயம். நான் பிளாண்டை விட்டுவிடச் சொல்லவில்லை. தாருக்கும் கரித்தாருக்கும் வித்தியாசம் உண்டு என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நிலக்கரியிலிருந்து வருகிற கரித்தாரில் பி.ஏ.ஹெச். மிக அதிகம். ரோட்டுக்குப் போடுகிற பெட்ரோலியத் தாரில் அதைவிடப் பல மடங்கு குறைவு. பிளாண்டில் கவலை தருவது ஜல்லியைச் சூடாக்க எரிக்கிற எண்ணெய்தான். மட்டமான எண்ணெயை, பர்னர் சரியில்லாமல் எரித்தால் கரும்புகை வரும். அண்ணாச்சி துடைத்த துணியில் இருந்த பிசுபிசுப்பு அந்தக் கரியாகத்தான் இருக்க வேண்டும். நல்ல பர்னரும் தூசியைப் பிடிக்கிற பை வடிகட்டியும் இருந்தால் புகை கண்ணுக்கே தெரியாது. அதைக் கேட்க உரிமை இருக்கிறது.

நம் நாட்டில் 2009ல் வந்த காற்றுத் தர வரையறையிலேயே பென்சோபைரீன் இருக்கிறது. ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 1 நானோகிராமுக்கு மேல் போகக் கூடாது. பலருக்குத் தெரியாது, 10 மைக்ரான் தூசிக்கு 60 மைக்ரோகிராம் என்பதை மட்டும்தான் பேசுவார்கள்.

பாவூர்செக்கு அண்ணாச்சி இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

#20 தென்காசி வக்கீல்

சட்டப் பக்கம் கொஞ்சம். புகைக்கு 1981 காற்று மாசுத் தடுப்புச் சட்டம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளிலும் ஒரு மனு. போட்டோவில் நேரம், காற்றடிக்கிற திசை இரண்டும் தெரிய வேண்டும். பிளாண்டுக்கு இயக்க இசைவாணை எந்தத் தேதிவரை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ரோடு வேலை முடிந்தும் ஓடுகிறது என்றால் அதுதான் முதல் கேள்வி. பக்கத்தில் செங்கல் சூளை இருக்கிறவர்கள் 2022ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் போட்ட விதியைப் பாருங்கள். புதுச் சூளை குடியிருப்பிலிருந்தும் பழத்தோட்டத்திலிருந்தும் 800 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

எண்ணெய்க்கு 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம், 40ஆம் பிரிவு. வாங்குகிறவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் சோதனைக்குத்தான் வாங்குகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நம் பக்கத்துக்கு அரசு ஆய்வுக்கூடம் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது.

#21 பிப்பெட்

வக்கீல் சார் சொன்னதோடு இது. சும்மா "எண்ணெயைச் சோதியுங்கள்" என்று கொடுத்தால் அமில மதிப்பு, அயோடின் மதிப்பு, கலப்படம் இவற்றைப் பார்த்துவிட்டு நல்ல எண்ணெய் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சோதனைகள் எதிலும் புகை தெரியாது. பி.ஏ.ஹெச். தனியாகக் கேட்க வேண்டும், அதற்கான கருவி உள்ள கூடத்துக்குப் போக வேண்டும். செலவும் தனி. மாதிரியைப் பிளாஸ்டிக்கில் கொடுக்காதீர்கள். பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், வெயில் படாமல்.

#22 பாவூர்செக்கு

மன்னிக்க வேண்டும், நாலு நாளாக இங்கே வரவில்லை. வராததற்குக் காரணம் பிப்பெட் தம்பியின் கேள்விதான். மறைக்காமல் எழுதுகிறேன்.

டின்னில் தேதி எழுதுவது அப்பா காலத்துப் பழக்கம். அடியில் பெயிண்டில் இருக்கும். திரும்பி வந்த நாலையும் கவிழ்த்துப் பார்த்தேன். நாலும் ஆடி முதல் வாரத்துக் கொப்பரை. அந்த வாரம் ஐந்து நாள் குற்றாலத்துச் சாரல் இங்கேவரை அடித்தது. வெயிலே இல்லை. எண்ணூறு காய் உடைத்துப் போட்டிருந்தேன். விட்டால் பச்சைப் பூஞ்சை பிடித்துவிடும், அதுவும் விஷம்தானே. கொட்டகைக்குள் பரண் போட்டுக் கதம்பை மூட்டம் போட்டேன். விளைக்காரன் சொன்னது போலத்தான். சாரலில் கதம்பையும் நனைந்து எரியாமல் புகைந்தது. கண் எரிச்சலில் என் மகள் அந்தப் பக்கமே வரவில்லை.

ஆக வாத்தியார் முகர்ந்தது தார் வாடை இல்லை, என் மூட்டத்து வாடை. அவருக்கும் எனக்கும் கண் முன்னால் பிளாண்ட் நின்றதால் தார் என்று பட்டுவிட்டது.

ஆனால் துணியில் வந்த கருப்பும் பொய் இல்லை. அது வெயிலில், மேல்காற்றில், களத்தில் கிடந்த மூடி. அந்த எண்ணெய் இன்னும் கடையில் இருக்கிறது, அதில் வாடையே இல்லை. யாரும் திருப்பியும் தரவில்லை.

#23 பிப்பெட்

அண்ணாச்சி, எழுதியதற்கு மரியாதை. இப்படி எழுத ஆள் குறைவு. கடைசி வரியில் ஒரு எச்சரிக்கை. வாடை இல்லை என்பதால் இல்லை என்று அர்த்தம் இல்லை. மூக்கில் தெரிவது புகையில் உள்ள ஃபீனால் வகை லேசான பொருள்கள். பென்சோபைரீனுக்கு வாடை கிடையாது. ஆகவே வாத்தியாரின் மூக்கு பாதிக்குத்தான் சாட்சி. இரண்டு எண்ணெயிலும் தனித்தனியாக ஒரு பாட்டில் எடுத்து வையுங்கள். மூட்டத்து எண்ணெயை விற்க வேண்டாம்.

#24 விளைக்காரன்

ஜெயித்துவிட்டேன் என்று எழுத வந்தேன். அண்ணாச்சி இவ்வளவு வெளிப்படையாக எழுதிய பிறகு அது சரியில்லை. உபயோகமாக ஒன்று சொல்கிறேன். நாங்கள் இரண்டு வருடத்துக்கு முன்னால் பாலித்தீன் கூடாரம் போட்ட சோலார் உலர்த்தி வைத்தோம். வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் உண்டு. மேகமூட்டத்திலும் உள்ளே சூடு நிற்கும், தூசி உள்ளே வராது, காக்கை தூக்காது, மழை வந்தால் ஓட வேண்டாம். உங்கள் இரண்டு வியாதிக்கும் ஒரே மருந்து. காற்றுப் போக்கி வைக்க மறந்துவிடாதீர்கள், வேர்வை கட்டினால் பூஞ்சைதான். கொப்பரை ஈரப்பதம் 6 சதவீதத்துக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். இரண்டாக ஒடித்தால் டக்கென்று சத்தம் வர வேண்டும், அதுதான் எங்கள் மீட்டர்.

#25 மானூர் சம்சாரி

எள்ளுக்கும் ஆகுமா அந்தக் கூடாரம்?

#26 விளைக்காரன்

ஆகும் மாமா. கீழே தார்ப்பாய் விரியுங்கள். பேர்தான் தார்ப்பாய், பயப்படாதீர்கள்.

#27 கரிசல்காற்று

பிளாண்ட் புகார் என்ன ஆச்சு? அதை எல்லாரும் மறந்தாச்சா?

#28 பாவூர்செக்கு

மறக்கவில்லை தம்பி. திங்கள்கிழமை மனு கொடுத்தேன். துணி, போட்டோ, காற்று வந்த திசை எல்லாம் சேர்த்து. என் மூட்டத்தைப் பற்றி மனுவில் எழுதவில்லை, கேட்டால் சொல்வேன். பிளாண்ட் மேஸ்திரி சைக்கிளில் வந்து, "பர்னரை மாத்தச் சொல்லியிருக்கு அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க" என்றார். பொறுக்கிறேன், ஆனால் மனுவைத் திரும்ப வாங்கவில்லை. அதுவரை களத்தை வீட்டு மொட்டைமாடிக்கு மாற்றிவிட்டேன். மூடியைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கி முழங்கால் போயிற்று.

எண்ணெய் தெளியவைக்கிற அகலச் சட்டிகளும் மாடியில்தான் இருந்தன, வெறும் மல்துணி மூடி. அதையும் கீழே இறக்கிவிட்டேன். இரண்டு பழுப்புப் பாட்டில் பரணில் இருக்கிறது. சோதனைக்குக் காசு சேர்ந்ததும் அனுப்புவேன், முடிவு வந்தால் எதுவானாலும் இங்கே போடுவேன்.

வாத்தியார் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மூட்டம் போட்டது நான்தான் என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. உள்ளே போய் ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து, "இதுல மட்டும் ஊத்து, பார்த்துட்டுச் சொல்லுதேன்" என்றார். பதினைந்து வருடமாக அஞ்சு லிட்டர் வாங்குகிற மனுஷன்.